அமெரிக்க விமான நிலையத்தில் கைப்பேசிச் சோதனை: எதுவரை அனுமதி?

ராயபுரத்தான்:
என் தங்கை முதுகலைப் படிப்புக்காக அடுத்த மாதம் அமெரிக்கா செல்கிறாள். அவளுடைய கைப்பேசியில் குடும்பப் படங்களோடு, காசிமேட்டில் அப்பா நடத்தும் மீன் வியாபாரத்தின் கடன் கணக்கும் இருக்கிறது. நீதிமன்ற ஆணை இல்லாமல் எல்லை அதிகாரிகள் அதைத் திறந்து பார்க்க முடியுமா?

தண்டையார்பேட்டை வக்கீல்:
முடியும். கைதானவரின் கைப்பேசியைச் சோதிக்கப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் ரைலி வழக்கில் தீர்ப்பளித்திருந்தாலும், எல்லைச் சோதனைக்கு நெடுங்காலமாகவே விதிவிலக்கு உண்டு. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அதிகாரி கையால் புரட்டிப் பார்ப்பதற்குச் சந்தேகமே தேவையில்லை. வேறு கருவியோடு இணைத்துத் தரவை நகலெடுப்பதற்குத்தான் நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்க வேண்டும். கடவுச்சொல் தர மறுக்கும் குடிமக்களை அதற்காக நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது, ஆனால் விசாவில் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அங்கே நின்று உரிமை பேசச் சொல்லி உங்கள் தங்கைக்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

பெரம்பூர் வாசி:
இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கருவியில் உள்ளதை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. ஆகவே கணக்கை முன்கூட்டியே கைப்பேசியிலிருந்து அகற்றிவிடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் கைப்பேசியை நீட்டினால் அதுவே கேள்விகளைக் கிளப்பும். கைப்பேசியைப் பிடித்து வைத்தால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

ராயபுரத்தான்:
நன்றி. கணக்கை அப்பாவின் கைப்பேசிக்கே மாற்றிவிடுகிறோம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை அவள் காகிதமாகவே கையில் வைத்துக்கொள்ளட்டும்.