காசு கட்டியாச்சு, மகளின் வாலிபால் ஆட்டம் திறக்க மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் உதவி தேவை

பொய்கைக்கரை
16 செப்டம்பர் 2025, செவ்வாய், காலை 8.12
வணக்கம். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். மகள் கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். அதைப் பார்க்கத்தான் நேற்று இரவு மாதச் சந்தா கட்டினேன். கார்டில் காசு போய்விட்டது, ரசீதும் வந்துவிட்டது. செயலியில் ஆட்டத்தின் பெயர் தெரிகிறது, தொட்டால் "உங்கள் டிவி நிறுவனத்தின் கணக்கில் உள்நுழையவும்" என்று வந்து நிற்கிறது. வெள்ளி இரவு 7 மணிக்கு ஆட்டம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், பேத்தி ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. யாராவது சொல்லுங்கள்.

மிச்சிகன்வாசி
எந்தச் சேவை? எந்தக் கல்லூரி? டிவியில் பார்க்கிறீர்களா, போனிலா? ஒன்றுமே சொல்லவில்லையே சார்.

ரவுட்டர்ராசா
செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். டிவியின் மின்சாரத்தையும் 1 நிமிடம் பிடுங்கி வையுங்கள். என் வீட்டில் இந்த மாதிரி தொல்லை எது வந்தாலும் இதில்தான் தீரும்.

கரிசல்காடு
அது இல்லை. ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். இடம் தப்பாகக் காட்டினால் பூட்டிவிடுவார்கள். அதை முதலில் நிறுத்துங்கள்.

நாற்பதாம்எண்
இங்கே பல வருடமாக இதே பதிலை எழுதி வருகிறேன். காசு கட்டுவதற்கு முன் 2 நிமிடம் படித்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை விற்பது பெரும்பாலும் கான்ஃபரன்ஸ்தான், அதாவது தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. தனிக் கல்லூரி இல்லை. மகள் அணியில் இருக்கிறாள், கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸ் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தாமிரபரணிக்கரை
கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது நாற்பதாம்எண் அண்ணா. மனிதர் ஆபீஸ் வாசலில் நின்று எழுதியிருக்கிறார்.

பொய்கைக்கரை
செவ்வாய், மதியம் 1.05
மன்னிக்கவும். கான்ஃபரன்ஸ் ஏசிசி. சேவை ஈஎஸ்பிஎன் செயலி, பார்ப்பது ரோக்கு டிவியில். 11.99 டாலர் கட்டினேன். நாங்கள் இருப்பது வட கரோலினா. கல்லூரி இங்கிருந்து காரில் 9 மணி நேரம், அம்மாவின் முட்டுவலிக்கு அவ்வளவு தூரம் ஆகாது. செயலியை அழித்து ஏற்றிப் பார்த்தேன், விபிஎன் இல்லை. அதே திரைதான் வருகிறது.

தாமிரபரணிக்கரை
இப்போது புரிகிறது. நீங்கள் வாங்கியது ஈஎஸ்பிஎன் செலக்ட் என்ற சந்தா. முன்பு ஈஎஸ்பிஎன் பிளஸ் என்று இருந்ததே, அதுதான். போன மாதம் 21ஆம் தேதி அன்லிமிடெட் என்று இன்னொன்று வந்தது, 29.99 டாலர். இரண்டுக்கும் ஒரே செயலி, அதனால்தான் குழப்பம். பிக் 12, ஐவி லீக் ஆகிய கான்ஃபரன்ஸ்களின் ஆட்டங்கள் நிறைய செலக்டிலேயே வரும். ஏசிசியில் டிவிக்குப் போகாத ஆட்டங்கள் ஏசிசி நெட்வொர்க் எக்ஸ்ட்ராவில் வரும், அது அன்லிமிடெடில் சேரும், செலக்டில் சேராது. எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸின் எஸ்இசி நெட்வொர்க் பிளஸும் அப்படித்தான். உங்கள் மகளின் ஆட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்.

ஆனால் உடனே 29.99 கட்டிவிடாதீர்கள். வீட்டு இணையத்தோடு டிவி சேனல்களும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்களா? அதில் ஏசிசி நெட்வொர்க் இருந்தால் அந்தக் கணக்கே சாவி. கூடக் காசு வேண்டாம்.

மிச்சிகன்வாசி
எங்கள் பக்கம் வேறு கதை. மகன் பிக் டென் கான்ஃபரன்ஸில் உள்ள கல்லூரியில் நீந்துகிறான். பிக் டென் பிளஸ் வாங்கினோம், அதற்கு கேபிள் வேண்டாம். ஆனால் பிக் டென் நெட்வொர்க் சேனலில் போகிற ஆட்டம் அதில் நேரலையாக வராது. அதற்கு டிவி பேக்கேஜ், இல்லை பாக்ஸ் ஒன் என்ற தனிச் சந்தா வேண்டும். ஒரே பிள்ளையைப் பார்க்க 2 சந்தா. என் தங்கை மகன் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் உள்ள கல்லூரியில் ஆடுகிறான். அவர்கள் கல்லூரித் தளத்திலேயே இலவசமாகக் காட்டுகிறார்கள், கேமரா ஒன்றுதான் என்றாலும் பிள்ளை தெரிகிறானே.

கரிசல்காடு
பெற்றவர்களிடம் காசு வாங்குவதே தப்பு என்கிறேன். படிப்புச் செலவும் நம்முடையது, பிள்ளை ஆடுவதைப் பார்க்கவும் கட்டணமா?

நாற்பதாம்எண்
கேமராவும் வர்ணனையும் சும்மா வருமா? ஏசிசி நெட்வொர்க் 2019இல் தொடங்கியபோது கல்லூரிகள் சொந்தச் செலவில் ஒளிபரப்பு அறை கட்டின. கேமரா பிடிப்பவர்களில் பலர் அங்கே படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கும் அது தொழில் பழகும் இடம். அதோடு, அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் கொண்டுவரும் பணத்தில்தான் மற்ற ஆட்டங்கள் ஓடுகின்றன. பெண்கள் வாலிபாலுக்குத் தனியாக யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

தாமிரபரணிக்கரை
கடைசி வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. 2023 ஆகஸ்ட் 30, நெப்ராஸ்கா, லிங்கன் நகரம். கால்பந்து மைதானத்தின் நடுவில் வலை கட்டிப் பெண்கள் வாலிபால் ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். நான் அங்கே மேல் வரிசையில் இருந்தேன். பந்து கடுகளவுதான் தெரிந்தது, ஆனாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டம் எழுந்தது. பார்க்க ஆள் இருக்கிறது, காட்டத்தான் மனம் வேண்டும்.

நாற்பதாம்எண்
சரி, அந்த எண்ணிக்கை பெரியதுதான். அது ஒரு நாள் விழா. தினப்படி நிலவரம் வேறு.

மிச்சிகன்வாசி
பணக் கணக்கு இப்போது இன்னும் சிக்கல். ஜூலை 1 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரிக்கு இந்த வருடம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதில் நீச்சலுக்கும் வாலிபாலுக்கும் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கவலை.

ரவுட்டர்ராசா
இழை எங்கேயோ போகிறது. பொய்கைக்கரை சார், டிவி கணக்கு இருந்ததா? மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

மிச்சிகன்வாசி
புதன் போய் வியாழனும் ஆச்சு, ஆளையே காணோம்.

தாமிரபரணிக்கரை
சார், பார்த்தால் இதையும் கவனியுங்கள். ரோக்குவில் உள்நுழையும்போது டிவித் திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு வரும். அதைப் போனில் தட்டி, டிவி நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைப் போட வேண்டும். இந்தச் செயலியின் கடவுச்சொல்லை அங்கே போட்டுப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்பு செய்யாதீர்கள், இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பொய்கைக்கரை
19 செப்டம்பர் 2025, வெள்ளி, இரவு 9.40
வந்துவிட்டது! பொடி எழுத்தில் எக்ஸ்ட்ரா என்றுதான் இருந்தது. கேபிள் கணக்கு மனைவி பெயரில் இருந்தது, கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனோம். கூடக் காசு இல்லை. தாமிரபரணிக்கரைக்கு ரொம்ப நன்றி.

மகள் லிபரோ, அதாவது பின்வரிசையில் தடுத்து ஆடுபவள். அவளுக்கு மற்றவர்களிலிருந்து வேறு நிறச் சட்டை. அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மஞ்சச் சட்டைதானே நம்ம புள்ள" என்று ஒவ்வொரு செட்டிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 3-1, ஜெயித்தார்கள். போன் வருகிறது, மகள்தான். அப்புறம் வருகிறேன்.

தாமிரபரணிக்கரை
நல்லது சார். அந்த 11.99ஐ ரத்து செய்ய மறக்காதீர்கள்.

கரிசல்காடு
என் மகள் ஐவி லீக் கல்லூரியில் டென்னிஸ். எனக்கு செலக்ட் போதுமா, வேறு ஏதும் வேண்டுமா?

நாற்பதாம்எண்
மேலே இருக்கிறது. படியுங்கள்.