சிட்டி வாட்டர் மாட்டினால் ட்ரெய்லர் டேங்க் தானாக நிரம்புகிறது, எந்த வால்வில் கோளாறு?

சக்கரவீடு:
வணக்கம். உள்ளேயே தங்கிச் சமைக்கிற பழைய பயண ட்ரெய்லர் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் டெக்சஸ் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் தங்கினோம். சிட்டி வாட்டர் ஹோஸ், அதாவது பார்க்கின் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் தரும் ஹோஸ் மாட்டியிருந்தேன். டேங்க் தண்ணீரைக் குழாய்களுக்குத் தள்ளும் பம்ப்பை ஆன் செய்யவே இல்லை. டேங்க் நிரப்பும் வால்வும் மூடித்தான் இருந்தது. விடியற்காலையில் மழை பெய்கிற சத்தம். வெளியே வந்து பார்த்தால் டேங்கின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது! ராத்திரி கால் டேங்க்தான் இருந்தது. பிரஷர் ரெகுலேட்டரும் போட்டிருக்கிறேன்.

கொங்குக்காரன்:
நிரப்பும் வால்வின் கைப்பிடியை முட்டும் வரை திருப்பினீர்களா? எனக்கு அது ஒரு நூல் குறைவாக நின்றதால்தான் இதே கதை நடந்தது.

சக்கரவீடு:
முட்டும் வரை திருப்பிவிட்டேன் அண்ணா. அப்படியும் ஏறுகிறது. பம்ப்பையே மாற்றிவிடலாமா?

பழைய பிளம்பர்:
அவசரப்படாதீர்கள். பம்ப் தலைக்குள் ஒரு செக் வால்வு இருக்கும், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும், நம்ம ஊரில் நான்-ரிட்டர்ன் என்பார்களே, அதுதான். அது சரியாக உட்காராவிட்டால் ஊர்த் தண்ணீர் பம்ப் வழியாகப் பின்பக்கம் போய் டேங்கில் சேரும். ரெகுலேட்டர் இதைத் தடுக்காது. சிட்டி வாட்டரை மூடி, ஒரு குழாயைத் திறந்து பிரஷரை இறக்குங்கள். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, சிட்டி வாட்டரை மெதுவாகத் திறங்கள். டேங்க் பக்க ஹோஸிலிருந்து வரும் தண்ணீரை நம்பாதீர்கள், அதைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். ஹோஸ் கழற்றிய பம்ப் வாயிலிருந்து சொட்டினால் குற்றவாளி செக் வால்வு. காய்ந்தே இருந்தால் நிரப்பும் வால்வு.

அதுவரை டேங்கை நிரப்பி, சிட்டி வாட்டரை மூடிவிட்டுப் பம்ப்பிலேயே ஓட்டுங்கள். காற்றுக்குழாய் அடைத்திருந்தால் டேங்க் வீங்கிவிடும், விளையாட்டில்லை. 40 கேலன் டேங்க் என்றால் தண்ணீர் மட்டும் 150 கிலோ.

சக்கரவீடு:
சொட்டியது! பம்ப் தலையின் நான்கு திருகாணியைக் கழற்றினால், ரப்பர் வால்வின் விளிம்பில் அரிசி நுனி அளவுக்கு வெள்ளை உப்புப் படிவு. வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். திரும்ப மாட்டி இரண்டு மணி நேரம் ஆகிறது, மீட்டர் கால் டேங்கிலேயே நிற்கிறது.

பழைய பிளம்பர்:
நல்லது. ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். மறுபடி ஏறினால், பம்ப்பின் வெளிவாயில் தனியாக ஒரு செக் வால்வு போட்டுவிடுங்கள். அம்புக்குறி பம்ப்பை விட்டு வெளியே பார்க்க வேண்டும். நானே ஒருமுறை திருப்பி மாட்டிவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று அரை நாள் தேடினேன்.