ஆச்சி வீட்டு குரூப்: மாடியில மட்டும் 5ஜி

கணேசன் சித்தப்பா, காலை 7:42
புது போன் வாங்கியாச்சு, 5ஜி. ஆனா மொட்டை மாடிக்குப் போனாத்தான் 5ஜின்னு காட்டுது. அடுக்களைக்குள்ள வந்தா 4ஜி ஆயிருது. கடைக்காரன் ஏமாத்திட்டானோ? காவ்யா, நீ டவர் கம்பெனி வேலைதான பாக்க, சொல்லுட்டி.

செல்வி அத்தை, காலை 7:45
மாடியிலயே உக்காந்து பாருங்க அண்ணே. வத்தலுக்குக் காவலும் ஆச்சு.

அருண், காலை 7:51
சிம் மாத்தணும் சித்தப்பா. 4ஜி சிம்ல 5ஜி வராது.

காவ்யா, காலை 8:20
ஏல அருண், வராதுன்னா மாடியில மட்டும் எப்படிடா வருது? ஜியோ, ஏர்டெல் ரெண்டுமே 2022 அக்டோபர்ல 5ஜி ஆரம்பிச்சப்பவே இருக்கிற 4ஜி சிம்மே போதும்னு சொல்லிட்டாங்க.

காவ்யா, காலை 8:24
சித்தப்பா, போன்ல குறையில்ல. ஆச்சி வீட்டுச் சுவர்தான். 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஓடுது. ஒரு கம்பெனிக்கே 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும், வேகம் அதனாலதான். ஆனா அலைவரிசை நம்பர் கூடக் கூட சுவரைத் தாண்டுற தெம்பு குறையும். 4ஜில 850, 900 எல்லாம் இருக்கு, அது அடுக்களை வரைக்கும் வந்துரும்.

கணேசன் சித்தப்பா, காலை 8:27
அப்போ சுவர இடிக்கவா?

காவ்யா, காலை 8:31
ஆச்சி அடிக்க வருவாங்க. 700 மெகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அது சுவரைத் தாண்டி நல்லா வரும். 2022 அலைவரிசை ஏலத்துல ஜியோ மட்டும்தான் அதை வாங்குச்சு. அதுலயும் 10 மெகாஹெர்ட்ஸ்தான். போன்ல 5ஜின்னு காட்டும், வேகம் 4ஜியை விடப் பெருசா இருக்காது. எழுத்தை மட்டும் பாத்து சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.

செல்வி அத்தை, காலை 8:40
எனக்கு வேற மாதிரி. 5ஜின்னு இருக்கும், யாராவது கூப்பிட்டா உடனே 4ஜி ஆயிருது. பேசி முடிச்சா திரும்ப வருது.

காவ்யா, காலை 8:44
அது சரிதான் அத்தை. பேச்சு இன்னும் பெரும்பாலும் 4ஜி வழியாத்தான் போகுது. பல இடத்துல 5ஜியே 4ஜி தோள்ல ஏறித்தான் நிக்குது. ஏர்டெல் அப்படித்தான் தொடங்குச்சு. ஜியோ முதல்லயே தனி 5ஜி கோர், அதான் நெட்வொர்க்கோட மூளை, போட்டுச்சு.

பெரியப்பா, காலை 8:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண், காலை 8:53
பெரியப்பா, 5ஜியால குருவி செத்துப்போகும்னு வந்த ஃபார்வர்டுதான? நான் பாத்துட்டேன்.

காவ்யா, காலை 8:55
உங்க வீட்டு வைஃபையே 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது பெரியப்பா. இந்த 5ஜி மூணரைதான். குருவி இன்னும் உங்க வீட்டு முற்றத்துலதான் நிக்குது.

முத்தையா தாத்தா, காலை 9:10
நேத்து சாயங்காலம் ஒருத்தன் போன் பண்ணான். உங்க சிம்ம 5ஜிக்கு ஏத்தணும், இப்ப ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்கன்னான்.

காவ்யா, காலை 9:10
தாத்தா சொன்னீங்களா???

காவ்யா, காலை 9:12
தாத்தா

காவ்யா, காலை 9:12
அத்தை, தாத்தா பக்கத்துல யாரு இருக்கா? ஓடிப் போய்க் கேளுங்க

செல்வி அத்தை, காலை 9:16
கேட்டுட்டேன். சொல்லலையாம். கண்ணாடி தேடிக்கிட்டு இருந்தாராம், அவன் பொறுமையில்லாம வச்சுட்டான்.

முத்தையா தாத்தா, காலை 9:18
எட்டா மூணான்னு தெரியல. தப்பாச் சொல்லக்கூடாதுன்னு தேடினேன்.

காவ்யா, காலை 9:25
அந்தக் கண்ணாடிக்கு ஒரு தங்க ஃபிரேம் போடணும். எல்லாரும் கேட்டுக்கோங்க. 5ஜிக்கு ஓடிபியே தேவையில்ல. போன் இருக்கு, டவர் இருக்குன்னா தானா வரும், செட்டிங்ஸ்ல 5ஜி ஆட்டோ போட்டா போதும். அவன் கேக்குறது உங்க நம்பரை அவன் போன்ல இ-சிம்மா, அதாவது அட்டையே இல்லாத சிம்மா, ஏத்துறதுக்கு. ஏத்திட்டான்னா உங்க போன்ல சிக்னல் செத்துரும், பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். யாராவது சொல்லித் தொலைச்சிட்டா சிம் கம்பெனிக்கும் பேங்குக்கும் சொல்லி சிம்மையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்க. பணம் போயிருந்தா உடனே 1930.

பெரியப்பா, காலை 9:31
இத நான் ஃபார்வர்டு பண்ணலாமா?

காவ்யா, காலை 9:32
இதத் தாராளமாப் பண்ணுங்க.

கணேசன் சித்தப்பா, காலை 9:40
நம்ம விஷயத்துக்கு வா. மாடியிலயும் ராத்திரி ஆனா இழுக்குதே?

காவ்யா, காலை 9:46
டவர்ல 5ஜி பெட்டியை மாட்டிட்டா மட்டும் பத்தாது சித்தப்பா. அங்கிருந்து வெளிய போக ஃபைபர் வேணும். சில ஊர்ல இன்னும் டவருக்கு டவர் மைக்ரோவேவ் டிஷ்லதான் இணைச்சிருக்காங்க. ராத்திரி ஊரே வீடியோ பாக்கும்போது அங்கன நெரிசல் ஆகும். டவர் பக்கம் போனா உருண்டையா மத்தளம் மாதிரி தொங்குதான்னு பாருங்க. இருந்தா அதுதான் டிஷ்.

கணேசன் சித்தப்பா, காலை 9:49
ரெண்டு தொங்குது.

அருண், காலை 9:52
என்ன ரீசார்ஜ் போட்டிருக்கீங்க சித்தப்பா?

கணேசன் சித்தப்பா, காலை 9:53
தினம் ஒன்றரை ஜிபி.

அருண், காலை 9:55
2024 ஜூலையில விலை ஏத்தினப்பவே, தினம் 2 ஜிபியோ அதுக்கு மேலயோ உள்ள ப்ளானுக்குத்தான் அளவில்லாத 5ஜின்னு ஜியோ, ஏர்டெல் ஆக்கிட்டாங்க. உங்க ஒன்றரை தீந்தா எதுல இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும்.

காவ்யா, காலை 9:56
இத மொதல்ல கேட்டிருக்கணும். சித்தப்பா, அடுக்களைக்கு 4ஜியே போதும். ப்ளானை மாத்தாதீங்க, பக்கத்துத் தெருவுல ஃபைபர் கனெக்‌ஷன் வந்துருக்குல்ல, அந்தக் காசை அதுல போடுங்க.

செல்வி அத்தை, காலை 10:02
கேபிள்கார தம்பி இப்ப நம்ம தெருவுலதான் நிக்கான் அண்ணே. வரச் சொல்லவா?