யூனிக் போட்டும் வண்டன்மேடு இரண்டு தடவை வருகிறது, எப்படி?

கம்பத்துக்காரன்:
வணக்கம். கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14, மெஷினில் உபுண்டு 20.04. காய் மலைமேலிருந்து வருகிறது: வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம். குமுளியில் எங்களுக்கு ஓர் எடைக் கவுண்டர் உண்டு. காய் போடுகிறவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். அதனால் பேர், வீட்டுப்பேர், ஊர் எல்லாவற்றையும் மலையாள எழுத்திலேயே ஏற்றுகிறோம், ரசீதும் அப்படியே.

போன வாரம் ஒரு சேச்சி கம்பத்துக்கே இறங்கி வந்துவிட்டார். முன்பணம் 40,000 வாங்கியிருந்தார், மூன்று தடவை காய் போட்டுக் கழித்தும் விட்டார். எங்கள் கணக்கிலோ 40,000 அப்படியே நிற்கிறது. ரசீது மூன்றையும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். எழுத்து பாதி மங்கிப் போயிருந்தாலும் எடை படிக்க முடிந்தது. தேடிப் பார்த்தால் அதே பேர், அதே வீட்டுப்பேரில் இரண்டு கணக்கு. முன்பணம் ஒன்றில், காய் இன்னொன்றில்.

அப்புறம் ஊர் டேபிளைத் திறந்தேன். வண்டன்மேடு இரண்டு வரி! ஊர்ப்பேர் கட்டத்தில் (column) ஒரே பேர் இரண்டு தடவை ஏறாதபடி யூனிக் இருக்கிறது. ட்ரிம் போட்டுப் பார்த்துவிட்டேன், இடைவெளி எதுவும் இல்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, தப்பு எங்கள் பக்கம்தான். எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

தென்காசி டிபிஏ:
உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கு ஏற்றிய மெஷினா? அப்படியானால் முதலில் இண்டெக்ஸை, அதாவது தேடுவதற்கான வரிசைப் பட்டியலைச் சந்தேகப்படுங்கள். எழுத்து வரிசைக்கு போஸ்ட்கிரெஸ் நம்புகிற சிஸ்டம் லைப்ரரி ஜிலிப்சி. 2018-இல் வந்த அதன் 2.28-இல் எழுத்துகளின் வரிசைமுறையே மாறியது. 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் 2.31. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புது வரிசைப்படி தேடினால், இருக்கிற வரியே கண்ணில் படாது, யூனிக்கும் ஏமாந்துவிடும். புளியரைப் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் இதே கோளாறைப் பார்த்திருக்கிறேன்.

டம்ப் (முழு நகல்) எடுத்து வைத்துக்கொண்டு, இண்டெக்ஸைச் சோதிக்கிற ஆம்செக் எக்ஸ்டென்ஷனை ஓட்டுங்கள். பிறகு ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது. நிஜமான டூப்ளிகேட் இருந்தால் ரீஇண்டெக்ஸே எரர் கொடுத்து நின்றுவிடும்.

கம்பத்துக்காரன்:
அண்ணா, ஆமாம், போன வருஷம் 18.04-லிருந்துதான் ஏற்றினோம். படித்ததும் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் ஆம்செக் சுத்தம் என்கிறது, ரீஇண்டெக்ஸும் எரர் இல்லாமல் முடிந்தது. அப்படியென்றால் போஸ்ட்கிரெஸ் கணக்கில் இரண்டும் வேறு வேறு ஊர்தானா?

கொழிஞ்சாம்பாறை:
ஆமாம், வேறுதான். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அதனால் இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். இரண்டு வரிக்கும், எழுத்துக் குறியீடுகளை எண்ணுகிற கேர் லெங்த் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள். ஒன்று 9, இன்னொன்று 11 என்று வரும் பாருங்கள்.

காரணம் சில்லெழுத்து. நாம் புள்ளி வைத்து எழுதுகிற ண், ன், ர், ல், ள் போன்றவற்றுக்கு மலையாளத்தில் தனி உருவம் உண்டு. முன்பு அதை மூன்று குறியீடாக எழுதினார்கள்: மெய், அதன் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), அதற்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் ஜாயினர். 2008-இல் யூனிகோட் 5.1 வந்தபோது ஆறு சில்லுகளுக்குத் தனித்தனிக் குறியீடு கொடுத்தார்கள். வண்டன்மேட்டின் நடுவில் இருக்கிற 'ன்' பழைய முறையில் 9 பைட், புது முறையில் 3 பைட். திரையில் ஓர் இம்மி வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக பைட் ஒத்துப்போனால்தான் சமம் என்று சொல்லும்.

குமுளியில் மெஷினையோ கீபோர்டையோ மாற்றினீர்களா?

கம்பத்துக்காரன்:
9, 11. பைட் கணக்கு 27, 33. அப்படியே இருக்கிறது! ஆகஸ்டில் குமுளிக் கவுண்டரின் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தோம். அந்த மாதத்துக்குப் பிறகு காய் போட்டவர்களில் 83 பேருக்கு இரட்டைக் கணக்கு இருக்கிறது. ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குகிற நார்மலைஸ் ஃபங்ஷனை ஓட்டினால் சேர்ந்துவிடுமா?

கொழிஞ்சாம்பாறை:
சேராது. யூனிகோட் இந்த இரண்டையும் சமம் என்று சொல்லவில்லை, அதனால் நார்மலைஸ் தொடாது. ரீப்ளேஸ் வைத்து ஆறு சில்லையும் ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து புதுசுக்கு மாற்ற வேண்டும்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். ஜாயினரை வெறுமனே நீக்கினால் போதும் என்று தோன்றும். நீக்கினால் சந்திரக்கலை மட்டும் மிஞ்சும், சொல்லே மாறிவிடும். மலையாளத்தில் 'அவன்' என்று இருந்தது 'அவனுக்கு' என்று ஆகிவிடும்.

தென்காசி டிபிஏ:
என் கணிப்பு தப்பு, ஆனால் ரீஇண்டெக்ஸ் வீண் போகாது. ஏற்றிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

சேர்க்கும்போது கவனம். எந்தக் கணக்கு எந்தக் கணக்கில் சேர்கிறது என்று தனி டேபிளில் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் (எல்லா மாற்றமும் மொத்தமாக நிற்கும், இல்லையேல் எதுவும் நிற்காது), எடை வரிகளையும் முன்பண வரிகளையும் நிற்கப்போகிற கணக்குக்கு மாற்றுங்கள். எண்ணிக்கையும் தொகையும் முன்னும் பின்னும் ஒத்துவந்தால் மட்டும் கமிட் கொடுத்து உறுதிசெய்யுங்கள். வரிகளைக் கணக்கோடு இணைக்கிற ஃபாரின் கீயில் டெலீட் கேஸ்கேட் (கணக்கை அழித்தால் அதன் வரிகளும் அழியும்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மிச்சக் கணக்கை அழியுங்கள். இருந்து, ஒரு வரியை மாற்ற மறந்திருந்தால், அந்த விவசாயி போட்ட காய் சத்தமில்லாமல் போய்விடும்.

யூனிக்கை மாற்றிய வடிவத்தின் மேல் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து ஜெனரேட்டட் காலம் (தானாகக் கணக்கிட்டு நிரம்புகிற கட்டம்) இருக்கிறது, அதற்கு வசதி. கம்பத்தில் தமிழ்ப் பேரும் ஏற்றுவீர்கள் என்றால் 'ஸ்ரீ'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இரண்டு விதமாக வருகிறது, நார்மலைஸ் சேர்க்காது. கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்த 'கொ'வை மட்டும் அது சேர்த்துவிடும்.

கம்பத்துக்காரன்:
நேற்று ராத்திரி கவுண்டர் மூடினதும் டெஸ்ட் காப்பியில் ஓட்டி, தொகை பைசா பிசகாமல் வந்த பிறகு நிஜத்தில் செய்தேன். 83-இல் 81 சேர்ந்துவிட்டது. சேச்சியின் கணக்கில் முன்பணம் தீர்ந்து, நாங்கள்தான் அவருக்கு 6,250 தர வேண்டியிருக்கிறது. காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மீதி இரண்டு ஜோடியைத் தொடவில்லை. பேரும் வீட்டுப்பேரும் ஒன்று, பேங்க் அக்கவுண்ட் வேறு. அங்கே தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள், இரண்டு ஆட்களாகவே இருக்கலாம். இந்த இரண்டும் தெளியாமல் யூனிக் போட முடியாது. திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் குமுளிக்குப் போய் நேரில் கேட்டுவிட்டு வருகிறேன்.