ஒரே கோபி, ஊருக்கு ஒரு பெயர்

(பல ஊர்க்காரர்கள் எழுதிய பதிவுகள்)

வேலூர், காந்தி ரோடு பக்கம்:

விஜய் டிவியில் வந்த ‘பாக்கியலட்சுமி’ தொடரின் கதையை வேறு மொழியில் பார்த்தவர்கள் யாரையாவது நேரில் சந்தித்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் இது அடிக்கடி நடக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் நாங்களே தருவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வங்காளிகள். கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் வாசனைக்கு முதலில் மூக்கைப் பொத்திய அம்மா, இப்போது நல்ல கடுகெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவரே வழி சொல்லி அனுப்புகிறார்.

2022-இல், தொடரில் கதாநாயகி பாக்கியாவின் கணவன் கோபி, அவளை விட்டுவிட்டு ராதிகாவைக் கல்யாணம் செய்துகொண்ட சமயம். பர்த்வான் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கணவரோடு வந்து தங்கியிருந்தார். பகல் முழுக்க ஆஸ்பத்திரி வரிசை, ராத்திரி எங்கள் கூடத்து டிவி. தமிழ் சுத்தமாகத் தெரியாது. ராதிகா திரையில் வந்ததும் விரலை நீட்டி “ஜூன்! ஜூன்!” என்றார். ஜூன் மாசம் ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டு, “டாக்டர் சொன்னா போங்கம்மா” என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அப்புறம் என் அரைகுறை இந்தியை வைத்து விஷயம் வெளியே வந்தது. இந்தக் கதைக்கு மூலமே வங்காளம்தான். ‘ஸ்ரீமொயி’ என்ற பெயரில் 2019-இல் ஸ்டார் ஜல்ஷாவில் தொடங்கியது. இந்திராணி ஹல்தார்தான் அங்கே பாக்கியா. கோபிக்கு அங்கே அனிந்தியோ என்று பெயர், ராதிகாவின் இடத்தில் இருப்பவள் ஜூன். அங்கிருந்து மராத்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று போயிருக்கிறது. வங்காளத் தொடர் 2021 கடைசியிலேயே முடிந்துவிட்டதால் அந்த அம்மாளுக்கு முழுக் கதையும் தெரியும். எங்களுக்கு வினாத்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி ஆயிற்று.

ஸ்ரீமொயிக்கு மறுபடி கல்யாணம் ஆகிறது, ரோஹித் சென் என்று ஒருவர் கட்டிக்கொள்கிறார் என்று அவர் சொன்னதும் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார். “பேரன் எடுக்கிற வயசுல இன்னாத்துக்கு இன்னொரு கல்யாணம்?” என்றார். நான் இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் “ஏன், கூடாதா?” என்று சாதாரணமாகத் திருப்பிக் கேட்டார். அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன. மாமியார் அந்தக் கல்யாணத்துக்கு வந்தாளா? பெரிய பையன் இன்னா சொன்னான்? பழைய புருஷன் கொடுத்த நகையைத் திருப்பிக் கொடுத்தாளா? ரோஹித் நல்லவனா, பார்க்க எப்படி இருப்பான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு ராத்திரி அந்த அம்மாள் தன் சங்கு வளையலைக் காட்டி, இதைக் கணவர் இருக்கும்வரை கழற்ற மாட்டோம் என்றார். அம்மா தன் மஞ்சள் கயிற்றை எடுத்துக் காட்டினார். புருஷன் சாகவில்லை, வேறொருத்தியோடு போய்விட்டான் என்றால் இதையெல்லாம் என்ன செய்வது என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். பாஷை தெரியாமலே எப்படி அவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். நடுவில் நான் தூங்கப் போய்விட்டேன்.

முக்கோணக் காதல் என்பது விளம்பரத்துக்குத்தான் என்று அப்போதே தோன்றிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு கோபியின் காதல் யார்மேல் என்பது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த விசேஷத்தில் அவன் பக்கத்தில் மனையில் உட்காரப்போவது யார், அதுதான் கேள்வி.

குடியாத்தம்:

எனக்கு வேறு ஊருக்கே போக வேண்டாம், அடுத்த அறையே போதும். நான் ஆற்காட்டுப் பெண். புகுந்த வீட்டில் தெலுங்குதான் பேச்சு. நான் போனில் ‘பாக்கியலட்சுமி’ பார்ப்பேன், அத்தை கூடத்தில் ஸ்டார் மாவில் ‘இன்டின்டி கிருஹலக்ஷ்மி’ பார்ப்பார். அதில் துளசியாக நடித்தவர் நம்ம கஸ்தூரி. “உங்க ஊர்ப் பொண்ணு எங்க பாஷையில எப்படி அழுவுது பாரு” என்று அத்தைக்கு ஒரே பெருமை. அங்கே கோபி நந்து, ராதிகா லாஸ்யா. லாஸ்யாவுக்கு அத்தை வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அத்தையின் தொடர் முடிந்த பிறகுதான் இது நடந்தது. தமிழில் பாக்கியாவின் மாமனார் ராமமூர்த்தி இறந்துபோகிறார், இறுதிச் சடங்கை மகன் கோபி செய்யாமல் மருமகள் பாக்கியா செய்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து என் பின்னால் நின்றுவிட்டார். “புள்ள உயிரோட இருக்கான் இல்ல? அப்புறம் இவ எப்படி?” என்றார். கோபியின் அம்மா ஈஸ்வரியே அவன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அத்தை, என்றேன். “பெத்தவ சொன்னாளா? அப்போ சரி” என்று ஒரே நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டார்.

எங்கள் வீட்டில் மாமாவுக்குத் திதி வந்தால் விடியற்காலையிலிருந்து சமையல் என்னுடையது. பிண்டம் வைக்கிற நேரத்துக்கு மட்டும் மைத்துனர் பெங்களூரிலிருந்து வந்து இறங்குவார். அதை மனதில் வைத்துக்கொண்டோ என்னவோ, அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை என் கணவரை வைத்துக்கொண்டே சொன்னார்: “நான் போறப்ப பெரியவன் ஓசூர் டிராபிக்ல மாட்டிக்குவான். இந்தப் பொண்ணே எல்லாத்தையும் செஞ்சிடட்டும்.” சின்ன மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அத்தை கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் அடுத்த வேளை சாப்பாடு வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

ராணிப்பேட்டை:

எல்லாரும் கோபியைத் திட்டுகிறீர்கள். காலேஜில் படிக்கும்போதே அவன் விரும்பியது ராதிகாவை. வீட்டில் பார்த்துக் கட்டிவைத்த பெண்தான் பாக்கியா. எங்கள் டீக்கடையில் இதை வைத்து ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஐம்பது வயசு ஆட்கள் எல்லாரும் கோபி பக்கம். தப்பு செய்தது கோபியா, அவனைக் கேட்காமல் கட்டிவைத்த அப்பா அம்மாவா?

வேலூர், காந்தி ரோடு பக்கம்:

தாலி கட்டும்போது வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று எங்கள் அம்மா கேட்கச் சொல்கிறார்.

ஆம்பூர்:

எங்கள் ஷூ கம்பெனியில் என்னோடு மேல்தோல் தைக்கிற பிரிவில் ஒரு ஆபா (அக்கா) இருக்கிறார். வீட்டில் உருது. அவர்கள் பார்ப்பது ‘அனுபமா’, 2020-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கியது. அகமதாபாத் குஜராத்திக் குடும்பம். கோபிக்கு அங்கே வன்ராஜ், ராதிகாவுக்கு காவ்யா. தமிழ்த் தொடர் ஓடிய நாட்களில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் முந்தின நாள் பாக்கியாவைச் சொல்வேன், அவர் முந்தின நாள் அனுபமாவைச் சொல்வார். அதிலும் கதாநாயகிக்கு மறுகல்யாணம் உண்டு, அனுஜ் என்பவரோடு. மாமியார் முறைத்துக்கொள்ள, மாமனார் மட்டும் மருமகள் பக்கம் நிற்கிறார். மெஹந்தி, மஞ்சள், பாட்டுக் கச்சேரி என்று அந்தக் கல்யாணத்தை எத்தனை நாள் இழுத்தார்கள் என்று ஆபாவுக்கே சலித்துப்போனது.

ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஆபாவின் நானியை, அதாவது பாட்டியை, பார்த்தேன். எண்பதை ஒட்டிய வயசு. இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அவர் சிரித்தார். “தலாக் ஆச்சு. இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கிற காலம்) முடிஞ்சுது. நிக்காஹ் பண்ணிக்க வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு ஊரே அழுவுது?” நானிக்கே அது இரண்டாவது நிக்காஹ், முதல் கணவர் சின்ன வயசிலேயே இறந்துவிட்டாராம். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லையாம்.

சரி, நானிக்கு எல்லாம் சம்மதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. விவாகரத்துக்குப் பிறகும் அனுபமா அதே வீட்டில், அதே கூரைக்கு அடியில் வன்ராஜ் எதிரிலேயே நடமாடினாளே, அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை. “அவன் இப்ப அந்நிய ஆம்பள. அவனுக்கு இவ டீ போட்டுக் கொடுக்கிறா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், இத்தனை நடந்தும் பொறுமையாக இருக்கிறாளே, குடும்பப் பெண் என்று பாராட்டியிருப்பார்கள். நான் அதை வெளியே சொல்லவில்லை, பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

காட்பாடி:

ஆம்பூர்க்காரர் சொன்ன நானிக்கு என் ஓட்டு. நான் தங்கியிருந்த விடுதியில் மலையாள நர்ஸ்கள் ‘குடும்பவிளக்கு’ பார்ப்பார்கள். அதில் சுமித்ராவாக மீரா வாசுதேவன். தொடரைவிட அவர் கட்டியிருக்கும் புடவையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், அதனால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். வேறு சில மொழிகளில் இன்னொரு கல்யாணம் செய்துவைத்தவர்கள் தமிழில் ஏன் விட்டுவிட்டார்கள்? பாக்கியாவின் நண்பர் பழனிசாமியாக நடிகர் ரஞ்சித் வந்தாரே, எவ்வளவு மரியாதையான மனிதர்.

வேலூர், காந்தி ரோடு பக்கம்:

இதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘பேரன் எடுக்கிற வயசுல’ என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால், இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பழனிசாமி நல்லவர்தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா பொண்ணு வீட்டு சார்பா யாரு உக்காந்து தாம்பூலம் மாத்துவாங்க? ஈஸ்வரியா? அவ இவளுக்கு மாமியாராச்சே!” என்றார்.

ஈஸ்வரி ஏன் மாற்றக்கூடாது என்று கேட்டேன். “மாத்தலாம். ஆனா அதுக்கு அவளுக்கு ஒரு நல்ல பட்டுப் புடவை வச்சுக் கொடுக்கணும், சும்மா கூப்பிட்டா வருவாளா?” என்றார். அப்புறம் அந்தப் புடவையை வாங்கித் தர வேண்டியது பழனிசாமி வீடா, பாக்கியாவா என்று அப்பாவோடு ஒரு வாக்குவாதம் தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் என்ன வழக்கம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இங்கே இன்னும் முடியவில்லை.