அம்மாவுக்கு நினைவஞ்சலி எழுத உட்கார்ந்தால் எல்லாம் பொதுச் சொற்களாக வருகின்றன

ஈசூன் மகள்:
வணக்கம். அம்மா காலமாகி வரும் மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. வீட்டில் தமிழில் எழுதுபவள் நான் ஒருத்திதான் என்பதால், நினைவஞ்சலியை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டிருக்கிறார். மூன்று வாரங்களாக எழுதுகிறேன். 'பாசத்தின் இருப்பிடமே', 'அன்பின் திருவுருவே' என்று வரும் வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படத்தை மட்டும் மாற்றினால் அவை எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்திவிடும் என்று தோன்றியதும் அடித்துவிடுகிறேன். மண்டாய் தகனச்சாலையில் எனக்கு அழுகை வரவில்லை. சென்ற வாரம் தேக்கா சந்தையில் ஒரு மூதாட்டி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து எடுத்ததைக் கண்டு, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அதை அஞ்சலியில் எப்படி எழுதுவது? துக்கத்தை எழுதிப் பார்த்தவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகளே, உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். அந்த முருங்கைக்காயிலிருந்தே தொடங்குங்கள். மாண்டவரை நினைந்து செய்வதறியாது வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று தனித்துறையாகவே நம் முன்னோர் வகுத்தார்கள். பாரி இறந்தபின் அவர் மகளிர் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது ஐந்தே அடிகள். முல்லைக்குத் தேர் ஈந்தவர் என்று உலகம் போற்றும் தந்தையைப் பற்றி அதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இத்திங்களின் வெண்ணிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் என் தாயார் மறைந்த பிறகு, அவருடைய மாத்திரைப் பெட்டியில் வியாழக்கிழமை முதல் திறக்கப்படாமல் இருந்த அறைகளைப் பார்த்த அன்றுதான் அந்த நிலவு எனக்கு விளங்கியது.

தோ பாயோ வாசகி:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பாட்டி ஒப்பாரி வைப்பார். இறந்தவரைப் பற்றி அவர் பாடியதே இல்லை. 'என்னை விட்டுப் போனாயே' என்று இறந்தவரிடமே முறையிடுவார், கேள்வி கேட்பார், சில வேளைகளில் கோபித்தும்கொள்வார். 'அவர்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் அம்மாவை எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழைத்து எழுதிப் பாருங்கள், தங்கையே. கடைசி நாள்களில் சொல்லாமல் விட்டது ஏதேனும் இருந்தால் அதுவும் தானாக வரும். என் அம்மாவுக்கு அவ்வாறு எழுதியபோது, முதல் பக்கம் முழுவதும் மன்னிப்பாகவே இருந்தது.

ஜூரோங் தம்பி:
அக்கா, எல்லாவற்றையும் நாளிதழில் போட வேண்டும் என்பதில்லை. அந்தச் சிறு கட்டம் உறவினர்களும் பழைய அண்டை வீட்டாரும் அம்மாவின் நினைவு நாளை மனத்தில் கொள்வதற்கானது. வழக்கமான வரிகளை அதற்குக் கொடுத்துவிடுங்கள். முருங்கைக்காயை உங்கள் குறிப்பேட்டில், அளவு பார்க்காமல் எழுதுங்கள்.

ஈசூன் மகள்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு 'அம்மா, நீ முறுக்கிப் பார்க்காமல் ஒரு காயும் நம் வீட்டுக்குள் வந்ததில்லை' என்று தொடங்கி இரண்டு பக்கங்கள் எழுதினேன். அண்ணனிடம் வாசித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கத்தரிக்காயின் காம்பையும் அம்மா பார்ப்பார், அதையும் சேர்த்துக்கொள் என்றார்.