பைன் கொட்டை அரைக் கிலோ வந்து கிடக்கிறது, என்ன செய்யலாம்?

குளக்கட்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். என் பெறாமகள் இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிறாள். போன கிழமை குடும்பத்தோடு வந்து நின்றுவிட்டுப் போனாள். சொக்கிளேற், சவர்க்காரம், கோடாலித் தைலம் என்று வழக்கமான சாமான்களோடு இந்தமுறை ஒரு பொதி பைன் கொட்டையும் தந்தாள். அரைக் கிலோ இருக்கும். "சித்தி, இது அங்கேயே யானை விலை, வீணாக்கிப்போடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு வானில் ஏறிவிட்டாள். எப்படிச் சமைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பார்க்க மெல்லிசாக, நீளமாக, தந்த நிறத்தில் இருக்கிறது. கடித்தால் மெத்தென்று உடைகிறது. பட்டர் மாதிரி ஒரு ருசி, கடைசியில் மரப்பிசின் வாசம் கொஞ்சம். மாமி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுவிட்டு, "இதுக்கே இவ்வளவு கதை?" என்று கேட்டார். இவர் கச்சான் அல்வா மாதிரிச் சீனிப்பாகில் போட்டுக் கிண்டச் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை.

முகப்புத்தகத்தில் பார்த்தால் எலும்புக்கு நல்லது, மூளைக்கு நல்லது, உடம்பு இளைக்கும் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். இதில் எது உண்மை? மாமாவுக்கு இரத்தம் கட்டிபடாமல் இருக்க வாபரின் குளிசை போகிறது, அவருக்குக் கொடுக்கலாமா? அப்புறம் சின்னவன் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பண்டாரவளைக்குப் போய் இரண்டு பைன் காய் பொறுக்கி வந்தவன். அதற்குள்ளும் இந்தக் கொட்டை இருக்குமா என்று சுத்தியலும் கையுமாக நிற்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முறிகண்டியான்

அக்கா, பிள்ளையாரடியில் பஸ் நின்றால் சுடச்சுட ஒரு சரை கச்சான் வாங்கலாம். அதை விட்டுவிட்டு இத்தாலிக் கொட்டைக்கு ஆலோசனை கேட்கிறீர்கள். பெறாமகளுக்கு அடுத்தமுறை காசாகவே தரச் சொல்லுங்கள்.

பரந்தன் சமையல்காரன்

தங்கச்சி, முறிகண்டித் தம்பியின் கதையை விடுங்கள். முதலில் அந்தப் பொதியை அலுமாரியில் இருந்து எடுத்துப் போத்தலில் போட்டு, இறுக மூடி, பிரிட்ஜுக்குள் வையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். அதில் பாதிக்கு மேல் எண்ணெய். நம்முடைய வெயிலில் வெளியே கிடந்தால் சீக்கிரமே காறல் வாடை பிடித்துவிடும், பிறகு கோழிகூடக் கொத்தாது. பிரிட்ஜில் சில மாதம் தாங்கும், ஐஸ் கட்டும் தட்டில் வைத்தால் இன்னும் கூட.

நான் குவைத்தில் ஒரு லெபனான்காரரின் சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடம் குசினியில் நின்றவன். அங்கே இதற்குச் சனோபர் என்று பெயர். போன முதற்கிழமை ஒரு தட்டுச் சனோபரை அவணில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். திரும்பி வரும்போது புகை. அந்தத் தட்டின் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இதை வறுக்கும்போது அடுப்படியை விட்டு அசையக் கூடாது. கச்சானை மணலில் போட்டு வறுக்கிற ஆட்களுக்கு இது விளங்காது. கச்சான் பொறுக்கும், இது பொறுக்காது.

தாச்சியில் எண்ணெய் வேண்டாம், மெல்லிய நெருப்புப் போதும். கை நிற்காமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிறிய பொன்னிறம் வரும். அந்த இடத்திலேயே இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். தாச்சிக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே கறுத்துப்போகும். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று நினைக்கிற நேரம்தான் இறக்குகிற நேரம்.

அங்கே நாங்கள் சோற்றுக்குத்தான் கூடப் பாவித்தோம். ஆட்டிறைச்சி போட்ட சோற்றைப் பெரிய தட்டில் குவித்து, நெய்யில் பொரித்த பாதாமும் சனோபரும் கடைசியில் மேலே தூவுவோம். கிப்பே என்று ஒன்று இருக்கிறது. குறுணிக் கோதுமையும் இறைச்சியும் சேர்த்து அரைத்த மாவுக்குள், அரைத்த இறைச்சி, வெங்காயம், சனோபர் வைத்துப் பிடித்துப் பொரிப்பது. நம்முடைய கட்லட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலையை அவித்து எள்ளு விழுதோடு அரைக்கிற ஹம்முஸ் மேலேயும் ஒரு கரண்டி போடுவோம். எல்லாவற்றிலும் ஒரே முறைதான். சனோபர் மேலே வரும், அல்லது நடுவில் ஒளிந்திருக்கும். குழம்பில் நீந்தாது.

ஆகவே கறிக்குள் போடாதீர்கள். தேங்காய்ப்பாலும் தூளும் சேர்ந்தால் இதன் ருசி இருந்த இடம் தெரியாது. சீனிப்பாகும் வேண்டாம். புக்கைக்குக் கஜு போடுகிற இடத்தில் போடுங்கள், நெய்யில் பிளம்ஸோடு (காய்ந்த திராட்சை) பொரித்து. வீட்டில் புரியாணி சமைத்தால் மேலே தூவுங்கள். கத்தரிக்காயைச் சுட்டுத் தோல் உரித்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு மசித்து, அதன்மேல் போட்டுப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி தாராளம்.

சின்னவனிடம் சுத்தியலை வாங்கி வையுங்கள். மலையகத்தில் நட்டிருப்பது கரீபியன் பைன். அதன் விதை இறக்கை வைத்துப் பறக்கிற சின்ன விதை, தின்ன ஒன்றும் மிஞ்சாது. பைனில் நூறு வகைக்கு மேல் இருக்கிறது, தின்னக்கூடிய அளவுக்குக் கொட்டை தருவது ஏறத்தாழ இருபதுதான். உங்களுடையது நீளமாக இருக்கிறது என்றால் மத்தியதரைக் கடல் பக்கத்து மரம்போலத்தான் தெரிகிறது. அந்த மரத்தில் காய் முற்ற மூன்று வருடம் எடுக்கும். பிறகு காயைப் பறித்து, காயவைத்து, தட்டி விதை எடுத்து, அந்த விதையின் ஓட்டையும் உடைத்தால்தான் இந்தப் பருப்பு. யானை விலை ஏன் என்று விளங்குகிறதா?

நெடுங்கேணித் தாதி

சமையல் அண்ணை சொன்னதற்குமேல் சமையலில் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

100 கிராம் பைன் கொட்டையில் ஏறத்தாழ 670 கலோரி, 68 கிராம் கொழுப்பு, 14 கிராம் புரதம். அதே அளவு கச்சானில் 567 கலோரி, 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம். கிளினிக்கில் தாய்மாருக்கு நான் சொல்வதும் இதுதான்: பிள்ளைக்குப் புரதம் வேண்டுமென்றால் கச்சானும் பயறும் கொடுங்கள். முறிகண்டியான் பகிடிக்குச் சொன்னாலும் அந்தக் கணக்கு அவர் பக்கம்தான்.

எலும்புக்கு நல்லது என்று எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்று தெரியவில்லை. 100 கிராமில் கல்சியம் 16 மில்லிகிராம்தான். தோல் நீக்காத எள்ளில் 900க்கு மேல் இருக்கிறது. வீட்டில் எள்ளுருண்டை இருந்தால் போதும். ஆனால் பைன் கொட்டை வெறும் ஆடம்பரமும் இல்லை. மங்கனீசு அதில் மிக அதிகம், 8 மில்லிகிராமைத் தாண்டும். மக்னீசியம் 250, துத்தநாகம் 6, விற்றமின் ஈ 9 மில்லிகிராம் அளவில். கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுறாத நல்ல கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி 10 கிராம்கூட வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் பத்தால் பிரித்தால்தான் உங்கள் தட்டில் விழுவது.

உடம்பு இளைக்கிற கதை பினோலெனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பமிலத்தில் இருந்து வந்தது. கொரியப் பைனில் அது கூட. பசியைக் கொஞ்சம் அடக்கலாம் என்று சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதை வைத்து எண்ணெயைக் குளிசையாகவும் விற்கிறார்கள். ஒரு கரண்டிக்கு 60 கலோரி அளவில் வருகிற சாமானைப் பிடி பிடியாகத் தின்று ஒருவரும் இளைக்கப் போவதில்லை.

மாமாவின் விடயம். வாபரினுக்கு விற்றமின் கே தான் பிரச்சினை. 100 கிராம் பைன் கொட்டையில் 54 மைக்ரோகிராம் இருக்கிறது, ஒரு கரண்டியில் 5 அளவு. ஒரு பிடி கீரையில் இதைவிடப் பல மடங்கு. ஆகவே சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி தூவிக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. திடீரென்று தினமும் நிறையத் தொடங்காமல் இருந்தால் சரி. அடுத்த கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள்.

வீட்டில் கச்சான் ஒத்துவராத பிள்ளைகள் இருந்தால் கவனம். இது கச்சான் இனம் இல்லைதான், ஆனாலும் சிலருக்கு இதுவும் ஒவ்வாமையைக் கிளப்பும், சில நேரம் கடுமையாகவே. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் போய்விடும்.

மாமிக்குப் பல் குறைவு என்றால், கொரியர்கள் இதில் கஞ்சி காய்ச்சுவார்கள், ஜட்சுக் என்று பெயர். ஊறவைத்த அரிசியைத் தனியே, கொட்டையைத் தனியே தண்ணீர் விட்டு அரைத்துக் காய்ச்சி, உப்பைக் கடைசியில் போடுவார்கள். வருத்தக்காரருக்கும் வயசானவர்களுக்கும் கொடுக்கிற கஞ்சி அது.

சிலாவத்தைக் கடல்

நான் பலெர்மோவில் இருக்கிறேன், ஊர் முல்லைத்தீவு. அக்காவின் பெறாமகளை எங்கேயாவது கோயிலில் கண்டிருப்பேன்.

இத்தாலி என்றவுடன் எல்லோரும் பெஸ்தோ என்பார்கள். அது வடக்கே ஜெனோவாக்காரருடைய சாமான். பசில் இலை, உள்ளி, பைன் கொட்டை, உப்பு, சீஸ், ஒலிவ் எண்ணெய், எல்லாம் கல்லுரலில் இடிப்பது. நம்முடைய துளசியை அதற்குப் போடாதீர்கள், கராம்பு மாதிரிக் காரம் அடிக்கும். நான் ஒருமுறை போட்டுப் பார்த்துப் பட்டவன்.

இந்த ஊர்ச் சாப்பாடு வேறு. சாளை மீனை முள் எடுத்து, வெங்காயம், காட்டுப் பெருஞ்சீரகத்தின் பச்சை இலை, பிளம்ஸ், பைன் கொட்டை, கொஞ்சம் குங்குமப்பூ போட்டு வதக்கிப் பாஸ்தாவோடு கலப்பார்கள். மேலே வறுத்த பாண்தூள். மீனுக்குள் பிளம்ஸா என்று முதல் நாள் நானும் முகம் சுளித்தேன். இப்போது என் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இல்லை. முல்லைத்தீவில் சாளை மலிவாகப்படுகிற நாளில் செய்து பாருங்கள். இலைக்குப் பதில் பெருஞ்சீரகத்தையே கொஞ்சம் நுணுக்கிப் போடலாம், பாஸ்தாவுக்குப் பதில் இடியப்பம் என்றாலும் குறை இல்லை.

ஒரு எச்சரிக்கை. மலிவு என்று இணையத்தில் ஒருமுறை வாங்கினேன். கட்டையாக, முக்கோணமாக, நுனியில் கறுப்புப் பொட்டோடு இருந்தது. தின்ற அன்று ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணி கசந்தது, தண்ணீர்கூடத் தகரம் நக்கின மாதிரி. ஒரு கிழமைக்கு மேல் நின்றது. எனக்குப் பெரிய வருத்தம்தான் வந்துவிட்டது என்று வைத்தியரிடம் ஓடினால், அவர் முதலில் கேட்டதே "பைன் கொட்டை தின்றாயா?" என்றுதான். சீனாவின் வெள்ளைப் பைன் வகை ஒன்றோடு இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆபத்தில்லை, தானாகப் போய்விடும். அந்த நாட்களில் மனிசி வைத்த கறியைக் குறை சொல்லாமல் இருந்தால் வீட்டுக்கும் நல்லது.

குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக எழுதவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

சமையல் அண்ணை, உங்கள் சொல்லைக் கேட்டும் முதல் சட்டி கருகிவிட்டது. கிளறிக்கொண்டு நிற்கும்போது படலையில் மீன்காரர் கூப்பிட்டார், எட்டிப் பார்த்த நேரம்தான். மூன்று கரண்டி போயிற்று. அடுத்ததற்குச் சின்னவனைக் காவலுக்கு நிறுத்தினேன். அவன் காவல் நின்றதில் ஒரு கரண்டி குறைந்தது.

சுட்ட கத்தரிக்காய் நன்றாக இருந்தது, ஆனால் எனக்குப் பச்சைமிளகாய் இரண்டு இல்லாமல் முடியவில்லை, மன்னியுங்கள். சாளைக்கும் பிளம்ஸுக்கும் இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "மீனுக்குள்ள பாயாசம் காய்ச்சிறியோ?" என்று கேட்டுவிட்டு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். நானாக ஒன்றும் செய்தேன். வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து, வறுத்த கொட்டையை அம்மியில் நசித்துச் சேர்த்தேன். வல்லாரையின் கைப்பு அடங்கி வழுவழுவென்று வந்தது. இதைத்தான் திரும்பச் செய்வேன்.

தாதித் தங்கச்சி, மாமிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். முதல் நாள் "உழுத்தங்கஞ்சிக்குக் கிட்டவும் வராது" என்றார். இரண்டாம் நாள் தானாகவே கேட்டார். ஒருவருக்கும் வாய் கசக்கவில்லை. அடுத்தமுறை பெறாமகளிடம் இன்னொரு பொதி கேட்க மாட்டேன், கேட்டால் அவளுடைய ஒருநாள் சம்பளம் போகும். கால் போத்தல் மிச்சம் இருக்கிறது. மூத்தவள் கம்பசால் வரும்வரைக்கும் பிரிட்ஜில் மீன் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். நேற்று மாமி மீன் பெட்டியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.